‘ஒண்ணும் பாக்கல’

முதுமலை தெப்பக்காட்டில், வனத்துறையின் சஃபாரி வண்டி திரும்பி வந்து நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரே உரையாடல் திரும்பத் திரும்பக் காதில் விழும். அடுத்த டிரிப்புக்குக் காத்திருப்பவர்கள், “என்ன சார், ஏதாச்சும் பாத்தீங்களா?” என்பார்கள். இறங்குகிறவர் உதட்டைப் பிதுக்குவார். “ஒண்ணும் பாக்கல. நாலு மான், அவ்ளோதான்.”

இலையுதிர்த்த தேக்கு, மூங்கில் புதர்கள், ஆள் உயரக் கறையான் புற்று, கிளைக்குக் கிளை தாவும் மலை அணில், பாதையோரம் இன்னும் காயாத யானை லத்தி. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ‘ஒண்ணும்’. கவனிக்காமல் வந்தது கூடப் பரவாயில்லை. என்னை உறுத்துவது அந்தக் குரலில் இருக்கும் மனக்குறை. கடைக்காரர் எடை குறைத்துப் போட்டுவிட்ட மாதிரி ஒரு குறை. டிக்கெட் வாங்கியது வண்டியில் ஒரு சுற்று சுற்றி வருவதற்கு; மனசோ புலிக்குப் பணம் கட்டிவிட்டதாக நினைத்துக்கொள்கிறது.

இதை ஒரு அறக்கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். காட்டைப் பார்க்கப் போகிறவருக்கு, ‘உன்னைக் காட்டு’ என்று காட்டிடம் கேட்க உரிமை உண்டா?

“சும்மா பாக்கத்தானே போறோம், யாருக்கு என்ன நஷ்டம்?” என்பது உடனே வரும் பதில். மோயாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூர் மன்னர்களின் வேட்டைக்காடு. துப்பாக்கி போய் கேமரா வந்தது முன்னேற்றம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வேட்டைக்காரரின் ஒரு பழக்கத்தை மட்டும் நாம் விடவில்லை: வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அவர் தோலைக் கொண்டுபோனார், நாம் படத்தைக் கொண்டுபோகிறோம். சாகடிப்பதும் படமெடுப்பதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஏமாந்து போகிற விதம் ஒன்றுபோல இருக்கிறது என்கிறேன்.

பார்ப்பதற்கு விலை இல்லை என்பதும் உண்மையில்லை. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகள் கடந்துபோகும் வழி. தங்கும் விடுதிகள் அந்த வழியிலேயே முளைத்தன, ஏனென்றால் யானை தெரிவது அங்கேதான். 2010-ல் தமிழக அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. வழக்குகள் நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதிசெய்தது. சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடிப் பக்கம் ஒரு விடுதியருகே வந்த ஆண் யானை மீது எரியும் டயரை எறிந்தார்கள். தீக்காயம்பட்ட அந்த யானை செத்துப்போனது. யானை வரும் என்றுதான் அந்த ஊரில் அறைகளுக்கு வாடகை. வந்த யானைக்குக் கிடைத்தது இது.

அதே மசினகுடியில், கூடலூரில், சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வீட்டுக்குப் போகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். “ஒண்ணும் பாக்காம வீடு போய்ச் சேரணும் சாமி” என்பதுதான் அவருடைய வேண்டுதல். 2021-ல் டி23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடி மூன்று வாரம் காடு கலங்கியது. ஆட்களையும் மாடுகளையும் கொன்ற புலி. அதை உயிரோடு பிடிக்கும்வரை அந்தப் பக்கத்துச் சனங்கள் மாடு மேய்க்கப் போக அஞ்சினார்கள். சுற்றுலாப் பயணி காசு கொடுத்துத் தேடும் அதே காட்சிதான் அங்கே வாழ்கிறவருக்குப் பெரும் பயம். இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் போகிறார்கள்.

‘காடு’ என்ற சொல்லே நம்மிடம் பார்வையிடும் இடத்தைக் குறித்ததில்லை. கொங்குப் பக்கம் “காட்டுக்குப் போறேன்” என்றால் மானாவாரி நிலத்துக்கு வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். சுடுகாடு, இடுகாடு என்றால் எல்லாருக்கும் தெரியும். கோயில்காடு என்று ஊருக்கு ஊர் இருந்தது, சில இடங்களில் இன்னமும் இருக்கிறது. செருப்போடு போகக் கூடாது, ஒரு சுள்ளி ஒடிக்கக் கூடாது, திருவிழா நாளைத் தவிர உள்ளே வேலை இல்லை. (அந்தத் தடைகளில் சாதியும் கலந்திருந்தது, அதை மறைத்துக் கோயில்காட்டைப் புகழ எனக்கு விருப்பமில்லை.) ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது என்பதால் அங்கே யாரும் ஏமாந்துபோகவில்லை. மானிடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட், இந்த மலைப்பகுதியின் நாயக்கர் பழங்குடிகளைப் பற்றி 1990-ல் எழுதிய கட்டுரையில், அவர்களுக்குக் காடு பெற்றோரைப் போல என்றார். பெற்றோரிடம் பிள்ளை சோறு கேட்கும். வித்தை காட்டு என்று கேட்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நண்பரொருவர் இப்படிச் சொல்வார்: “பாக்கலேன்னா நேசம் வராது. நேசம் வரலேன்னா எவன் காப்பாத்துவான்? நாலு பேர் வந்து பாக்கறதாலதான் காடு பொழைச்சிருக்கு.” தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. 2012 ஜூலையில் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோதும் இதே வாதம்தான் நாடெங்கும் ஒலித்தது. அக்டோபரில் தடை நீங்கியது; மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது என்ற வழிகாட்டு நெறியோடு.

ஆனால் பார்த்து வரும் நேசம் பார்வைக்குக் கிடைப்பதன் மேல்தான் வருகிறது. மோயாற்றுப் பள்ளத்தாக்கு, தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் வெகுசில இடங்களில் ஒன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாக அவற்றைக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. பாறுவைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் குழந்தையை நான் இதுவரை கண்டதில்லை.

உண்ணிச்செடி இன்னும் நல்ல உதாரணம். ஜன்னல் வழியாகப் பார்த்து, “எவ்ளோ பச்சைப் பசேல்னு இருக்கு!” என்று நாம் மகிழ்வதில் பெரும்பங்கு அதுதான். அடர்ந்து மண்டிப் புல்லை வளரவிடாமல் செய்து, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சலைக் குறைக்கும் அயல் செடி. வெள்ளைக்காரர்கள் அதைக் கொண்டுவந்தது எதற்கு? தோட்டத்தில் பார்க்க அழகாக இருக்கும் என்று. நம் கண்ணுக்காக வந்த செடி காட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் சென்னா மரங்களும் அப்படித்தான். வனத்துறை அவற்றை வெட்டி அகற்ற, நாம் வண்டியை நிறுத்திப் படமெடுக்கிறோம்.

உள்ளே போகும் உரிமையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தேவை கட்டணமும் கையிருப்பில் ஒரு காலை நேரமும். வன உரிமைச் சட்டம் 2006-இன்படி, பழங்குடி அல்லாத வனவாசி தன் குடும்பம் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். புலிகள் காப்பகங்களிலிருந்து ‘விருப்பத்தின் பேரில்’ வெளியேறும் குடும்பத்துக்கு 2008-இல் வகுத்த தொகை 10 லட்சம் ரூபாய். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் வேண்டும் என்று உண்மையாகவே வெளியே வர விரும்பியவர்கள் முதுமலையிலும் இருந்தார்கள். அதனால் எல்லாரையும் துரத்திவிட்டார்கள் என்று எழுதுவது எளிது, சரியாக இருக்காது. ஆனால் வாழ்ந்தவர் வெளியேறிய காட்டுக்குள் பொழுதுபோக்க வருகிறவர், குறைந்தபட்சம் ‘ஒண்ணும் பாக்கல’ என்று அலுத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

இதனால் போகவே கூடாது என்று முடிவுகட்ட எனக்கு மனமில்லை. நான் போகிறேன், வருஷத்துக்கு ஒருமுறையாவது. போவதில் தப்பில்லை, எதிர்பார்ப்பில்தான் தப்பு என்று சொல்லிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் சவுகரியமான பதிலாகத்தான் படுகிறது. டீசல் புகைக்கு என் மனநிலை தெரியாதே. ஆனாலும், யாரையாவது சந்திக்கப் போய் அவர் வீட்டில் இல்லை என்றால் வாசல் வரை பார்த்துவிட்டுத் திரும்புவோம். கதவை உடைக்க மாட்டோம், ஏமாற்றிவிட்டார் என்று தெருவில் சொல்லவும் மாட்டோம். வெளியே வராமல் இருக்க அவருக்கு இருக்கும் உரிமை புலிக்கும் இருக்கிறது.

போன தடவை அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். பன்னிரண்டு வயசு. ஒரு மணி நேரத்தில் மயிலும் மானும்தான். வண்டி திரும்பும்போது என் பக்கம் சாய்ந்து கேட்டான்: “மாமா, நாம புலியப் பாக்கல, சரி. புலி நம்மளப் பாத்திருக்குமா?”

“பாத்திருக்கும்டா.”

தெப்பக்காடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமாகவே திரும்பி, சட்டைக் காலரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டு வந்தான்.