முறை என்னும் ஈரெழுத்து

நீர் யாருக்கு உரியது? நிலத்தை வேலியிட்டு வளைக்கலாம். ஓடும் நீரை அங்ஙனம் வளைத்தல் இயலாது. அதனை ஒருவன் ‘எனது’ என்று சொல்லி முடிப்பதற்குள் அது அடுத்தவன் வயலைச் சென்றடைந்துவிடுகிறது.

இவ்விடர்ப்பாட்டிற்குத் தமிழ் கண்ட விடை ‘முறை’ என்னும் சொல்லாகும். முறைப்பாசனம் என்பது இன்றும் உழவர் வழக்கு. முறை என்பது வரிசையைக் குறிக்கும், நீதியைக் குறிக்கும், உறவையும் குறிக்கும். தன் முறைக்குக் காத்திருப்பவன் நீதியைக் காக்கிறான். அதனால் அண்டையானோடு உறவையும் காக்கிறான்.

பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரிப்பாசன ஊர்களில் மழைக்காலத்திற்கு முன் குடிமக்கள் கூடிக் கரையை உயர்த்தி வாய்க்காலைத் தூர்வாரும் குடிமராமத்து வழக்கம் இருந்தது. இவ்வழக்கத்தின் உயிர்நாடி, பங்கு பெறுபவன் உழைப்பிலும் பங்கு கொள்ள வேண்டும் என்பதே. வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கில அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. மனம் ஒப்பிச் செய்ததைச் சட்டம் கொண்டு செய்விக்க முயன்றது அது.

ஆயினும் பழமை அனைத்தும் போற்றத்தக்கதன்று. இரவெல்லாம் கண்விழித்து மடை திறந்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட குடியினரே. ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்டவர்க்கு ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள உரிமையில்லை. வரிசை இருந்தது, நீதி இல்லை. இதனை எதிர்த்த பெருங்குரல் நெய்யாற்றங்கரை வட்டத்திலேயே எழுந்தது. 1888இல் அருவிப்புரத்தில் நாராயணகுரு நெய்யாற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாக நிறுவினார். வழக்கம் எவருக்கு மறுத்ததோ அவர்க்கும் உரியதை அவ்வாற்றுக் கல்லே வழங்கிற்று. எனவே வழக்கத்தில் நாம் கொள்ளத்தக்கது கடமை. தள்ளத்தக்கது பிறப்பு வேற்றுமை.

இன்று அந்நெய்யாறே வேறொரு வினாவை எழுப்புகிறது. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது. பாறசாலையும் நெய்யாற்றங்கரையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் இரு மொழிகளும் பேசப்படுகின்றன. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்களும் உண்டு. ஒரே மாநிலமாயிருந்த நாளில் திட்டமிடப்பட்ட நெய்யாற்று இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் தந்தது. 2004இல் அந்நீர் நின்றது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஆறு முழுவதும் தன் எல்லைக்குள் ஓடுவது என்பது கேரளத்தின் வாதம். முன்பு வகுத்த பங்கு தொடர வேண்டும் என்பது தமிழகத்தின் வாதம்.

சட்டம் உரிமையை அளந்து கூறும், கூறவும் வேண்டும். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்த ஊரில் தோன்றிய முறை, முகமறியா இரு அரசுகளுக்குப் பொருந்துமா? அப்படியே பொருந்தாது என்பது மெய். எனினும் அதன் அடிப்படை பொருந்தும்: வறட்சியில் இருபுறமும் குறைத்துக்கொள்ளுதல், மிகுதியில் இருபுறமும் பெறுதல், பராமரிப்பை இருபுறமும் ஏற்றல். எல்லைக்கோடு ஆட்சியைப் பிரிக்கலாம். கடைமடை உழவனின் தேவையை மாற்றாது.

ஊர்விட்டு வந்து அடுக்குமாடிகளில் வாழும் நமக்கும் இது புறம்பானதன்று. குழாயைத் திறக்கையில் நமக்குப் பின்னே காத்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவரும் நம் வரிசையில் நிற்பவரே என்று நம் மக்களுக்குக் கற்பிப்போமாயின், முறை என்னும் சொல்லைப் பொருளோடு அவர்க்கு விட்டுச் செல்வோம்.