மாற்று

குடை தொலைந்துபோனால் வேறு குடை வாங்குகிறோம். செருப்பு அறுந்தால் வேறு செருப்பு வாங்குகிறோம். இதில் தத்துவ விசாரத்துக்கு இடமே இல்லை. கையில் பணம் இருந்தால் நல்லதாக வாங்குகிறோம். இல்லாவிட்டால் மலிவாக வாங்குகிறோம். அவ்வளவுதான் என்று நானும் நாற்பது வயதுக்கு மேல் வரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கிதார் வாங்கப் போன இடத்தில் அந்த நினைப்புப் பொய்த்துவிட்டது.

அது சாதாரண ஆறு தந்திக் கிதார் அல்ல. பன்னிரண்டு தந்திக் கிதார். தந்திகள் இரண்டிரண்டாக ஆறு சோடிகளாக அமைந்திருக்கும். அவற்றுள் மெல்லிய இரண்டு சோடிகளில் இரு தந்திகளும் ஒரே ஸ்வரத்தில் நிற்கும். மற்ற நான்கு சோடிகளில் ஒன்று கீழ் ஸ்தாயியிலும், அதன் துணை ஒரு ஸ்தாயி மேலேயும் நிற்கும். ஒரு சோடியை மீட்டினால் இருவர் சேர்ந்து பாடுவதைப் போல் இருக்கும். இதை வாசிக்கிறவன் பாதி ஆயுளைச் சுருதி சேர்ப்பதிலும், மறு பாதியைச் சுருதி சேராமல் வாசிப்பதிலும் கழிக்கிறான் என்று வாத்தியக்காரர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. நானும் அந்த ஜாதியைச் சேர்ந்தவன்தான்.

பழைய கிதார் என் அண்ணனுடையது. கல்கத்தாவில் செய்தது. 1998-இல், உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் வாங்கினார். 2019-இல் அவர் மறைந்த பிறகு அது என்னிடம் வந்தது. அவரைப் போல வாசிக்க எனக்கு வராது. ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணன் வாசிக்கும் நாலைந்து பாட்டுகளைத் தட்டுத் தடுமாறி வாசிப்பேன். அம்மாவுக்குக் கண் பார்வை மங்கி நாலைந்து வருஷங்கள் ஆகின்றன. அவள் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். நன்றாயிருக்கிறது என்றோ, இல்லையென்றோ சொன்னதில்லை. நான் ஒரு நாள் வாசிக்காவிட்டால், "இன்னிக்கு என்ன, வேலையா?" என்று மட்டும் கேட்பாள்.

அந்தக் கிதாரை நான்தான் கொன்றேன். போன கோடையில் ஒரு நாவலை முடிக்கும் அவசரத்தில், இரண்டு மாதங்கள் அதைத் தொடவே இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில், தந்திகளைத் தளர்த்தாமல், சுவரில் சாய்த்தபடி விட்டுவிட்டேன். ஆறு தந்திக் கிதாரில் தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் எழுபது கிலோ. பன்னிரண்டு தந்தி என்றால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். மெல்லிய பலகை ஒன்று இரவும் பகலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் பசை இளகியது. ஒரு மத்தியானம் பட்டென்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். வீணையில் குதிரை என்கிறோமே, அதைப் போல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், மேற்பலகையின் மரத்தையும் பிய்த்துக்கொண்டு கிளம்பியிருந்தது.

பழுது பார்க்கிறவரிடம் கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். "கழுத்து வளைஞ்சிருக்கு. பலகை உப்பியிருக்கு. செய்யலாம் சார். ஆனா நீங்க கொடுக்கிற காசுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். மரணச் செய்தியை எத்தனையோ விதமாகச் சொல்கிறார்கள். இதுவும் ஒரு விதம்.

அம்மாவிடம், "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சொன்னேன். அது முழுப் பொய் அல்ல. ஆனால் முழுப் பொய்க்கு அது முதல் படி.

கையில் இருந்தது இருபதாயிரம் ரூபாய். ஒரு புத்தகத்தின் ராயல்டியாக வந்த பணம். அதைக் கிதாருக்குச் செலவிடுவது நியாயமா என்பதே முதல் கேள்வி. என் மனைவி நேரடியாகத் தடுக்கவில்லை. "ஆறு தந்தி போதாதா? பாதி விலையிலே முடியுமே" என்றாள். அறிவுள்ள கேள்வி. பட்ஜெட் என்பது வெறும் கணக்கு அல்ல. 'உனக்கு உண்மையில் என்ன வேண்டும்?' என்று கேட்கும் வாத்தியார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பணம் நிறைய உள்ளவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. யோசித்துப் பார்த்தேன். பளபளப்பு வேண்டாம். சித்திர வேலைப்பாடு வேண்டாம். பேர் பெற்ற கம்பெனியின் முத்திரையும் வேண்டாம். ஆனால் அந்த இரட்டைக் குரல் வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அண்ணா சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் இரண்டு நாள் அலைந்து, கடைசியில் ஒரு கடையில் மூன்று கிதார்களை என் முன்னால் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாவது முப்பத்தெட்டாயிரம். மேற்பலகை ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் அசல் பலகை, ஒட்டுப்பலகை அல்ல. மீட்டியதும் அறையே நிறைந்தது. "தவணையில் கட்டலாம் சார்" என்றார் கடைக்காரர். தவணை என்பது நாளைய நம்மை இன்றே அடகு வைப்பது. ஏற்கெனவே அடகில் இருக்கும் ஓர் எழுத்தாளனிடம் அதற்கு மேல் அடகு வைக்க ஒன்றும் இல்லை. தவிர, அசல் பலகை ஈரத்துக்கும் வெயிலுக்கும் சுருங்கி விரியும். கவனமாகப் பேணாவிட்டால் வெடித்துவிடும். ஒரு வாத்தியத்தை அறையில் வேகவைத்துக் கொன்றவனுக்கு அதைப் பெறும் யோக்கியதை உண்டா?

இரண்டாவது பதினேழாயிரத்து ஐந்நூறு. இந்தோனேசியாவில் செய்தது, புதியது. முழுவதும் ஒட்டுப்பலகை. குரல் சுத்தமாக இருந்தது. ஆனால் சற்று ஒதுங்கி நின்று பேசுவதைப் போல் இருந்தது.

மூன்றாவதை எடுத்தபோது என் கை நடுங்கியது. யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கிதார், பன்னிரண்டாயிரம். கல்கத்தாவில் செய்தது. அதே தேன் நிறம். மீட்டியதும் அண்ணனுடைய கிதாரின் குரல் அப்படியே வந்தது. அந்தக் கனத்த அடித்தொண்டை, அதற்குக் கீழே சன்னமாக ஓர் அதிர்வு, வண்டு ரீங்கரிப்பதைப் போல. இருபது வருஷங்களாக என் காதில் கிடந்த ஓசை அது.

அந்தக் கணத்தில் என் மனம் என்ன கணக்குப் போட்டது தெரியுமா? பணமும் மிச்சம். அம்மாவுக்கும் தெரியாது. 'ரிப்பேர் முடிந்து வந்துவிட்டது' என்று சொல்லிவிடலாம். தொட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் புலப்படாது. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே ஒரு விலக்கு அளித்திருக்கிறார் அல்லவா? அவர் எவ்வளவு சிக்கனமாக அந்த விலக்கைக் கொடுத்தாரோ, அவ்வளவு தாராளமாக நாம் அதை எடுத்துக்கொள்கிறோம். யாருக்கு நன்மை என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை ஒன்றுதான்: சொல்கிறவனுக்கு. அம்மாவைத் துக்கத்திலிருந்து காப்பாற்ற நான் விரும்பவில்லை. 'என் அஜாக்கிரதையால் உடைந்தது' என்று சொல்வதிலிருந்து என்னையே காப்பாற்றிக்கொள்ள விரும்பினேன்.

அப்போது கடைப் பையன் ஒருவன் வந்தான்; இருபது வயதுகூட இருக்காது. முதலாளி டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். பையன் ஒன்றும் பேசாமல் ஓர் அடிக்கோலை எடுத்து, மூன்றாவது கிதாரின் பலகைமேல் குறுக்கே வைத்தான். நடுவில் தொட்டது, இரு ஓரங்களிலும் வெளிச்சம் தெரிந்தது. பலகை உப்பியிருந்தது. பிறகு ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பிரிட்ஜின் பின்பக்கம் செருகினான். தாள் உள்ளே போயிற்று.

"ஒரு வருஷம் தாங்காது சார்" என்றான் மெதுவாக.

"ஆனால் குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த ரீங்காரம்..."

அவன் கிதாரைக் காதோடு வைத்துக்கொண்டு, பலகையை விரல் நுனியால் தட்டினான். "அது குரல் இல்லை சார். உள்ளே பலகையைத் தாங்குற கட்டை ஒண்ணு விட்டுப்போச்சு. அது ஆடுற சத்தம்."

நான் திகைத்துப் போனேன். எதை என் அண்ணனுடைய கிதாரின் ஆத்மா என்று நினைத்திருந்தேனோ, அது அதன் நோய்! இத்தனை காலமும் அதன் வலியைத்தான் சங்கீதம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிரேக்க ஞானிகள் ஒரு கப்பலைப் பற்றி வாதம் செய்ததுண்டு. தீசியஸ் என்ற வீரனுடைய கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்து வந்தார்கள். பலகை உளுக்க உளுக்க வேறு பலகை போட்டார்கள். பலகைகள் மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா என்பது கேள்வி. கடையில் நிற்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வந்தது. அண்ணனுடைய கிதாரில் மட்டும் என்ன மாறாமல் இருந்தது? தந்திகளை அவரே எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறார். முறுக்காணிகளை நான் ஒரு முறை மாற்றினேன். விரல்களோ என்னுடையவை. அப்படியானால் 'அதே' என்று நான் பற்றிக்கொண்டிருந்தது எதை? சாயங்காலம், கட்டில், அம்மாவின் காது, நாலைந்து பாட்டுகள். இவற்றில் எதுவும் மரத்தால் ஆனதல்ல, எதுவும் உடையவில்லை.

தமிழில் 'மாற்று' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்றுக்குப் பதிலாக வருவது மாற்று. பொன்னின் தரத்தைச் சொல்வதும் மாற்று. மாற்றுக் குறையாத தங்கம் என்கிறோம். பதிலாக வருவதைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் உரைகல்லில் தேய்க்கப்படுவது வாங்குகிறவன்தான் போலும். இறந்தவரிடம் நமக்குள்ள விசுவாசம், அவரைப் போன்ற ஒன்றைத் தேடிப் பிடிப்பதில் இல்லை; அவர் செய்துவந்த காரியத்தை நடத்திக்கொண்டு போவதில் இருக்கிறது. புதியதைப் பார்த்து 'நீ பழையதாக இரு' என்று கட்டளையிடுவதைப் போன்ற அநீதி வேறு இல்லை. மாற்றாந்தாய் என்ற சொல்லில் ஏறியுள்ள கசப்பில் பாதி, அவள் செய்யாத குற்றத்துக்காக ஏறியது: அவள் முதல் தாயாக இல்லை என்பதே அந்தக் குற்றம்.

இரண்டாவதையே வாங்கினேன். பையன் இன்னொரு யோசனையும் சொன்னான். "ஒரு முழு ஸ்வரம் கீழே சுருதி வையுங்க. உசந்த சுருதி வேணும்னா இரண்டாவது கட்டத்திலே கேப்போ போட்டுக்கலாம். பலகை ரொம்ப நாள் வரும்." கேப்போ என்பது கழுத்தில் மாட்டும் ஒரு பிடி.

இது புதிய யுக்தி அல்ல. அமெரிக்காவில் லெட்பெல்லி என்று பேர் பெற்ற கறுப்பினப் பாடகர் ஹியூடி லெட்பெட்டர், பன்னிரண்டு தந்திக் கிதாரைத் தம் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டவர். 1933-இல் லூயிசியானாச் சிறையில் கைதியாக இருந்த அவரது பாட்டை, நாட்டுப் பாடல் சேகரிக்கப் போன ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் பதிவு செய்தார்கள். 1949-இல் நியூயார்க்கில் அவர் மறைந்தார். அவருடைய பேரோடு சேர்த்துப் பேசப்படும் 'ஸ்டெல்லா' கிதார்கள் ஜெர்சி சிட்டியில் செய்யப்பட்டவை. ஏழைகளும் வாங்கக்கூடிய விலையில் விற்றவை. அவர் தம் கிதாரின் சுருதியை வழக்கத்தைவிட வெகுவாகத் தாழ்த்தி வைத்து வாசித்தார். அந்தத் தாழ்வில்தான் அந்தக் கம்பீரம் பிறந்தது. மலிவான மரத்திலிருந்து மகத்தான ஓசை வந்தது என்று சொல்லி ஏழ்மையைப் புகழ நான் விரும்பவில்லை. நல்ல மரம் நல்ல மரம்தான். ஆனால் தாங்கக்கூடிய அளவு அறிந்து தந்தியை இறுக்குகிறவனுக்கு, மலிவான மரமும் துரோகம் செய்வதில்லை.

வீட்டுக்கு வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து சுருதி சேர்த்தேன். பொய் சொல்வதில்லை என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள், முதல் மீட்டலிலேயே அம்மா தலையைத் திருப்பினாள்.

"இது வேற" என்றாள்.

"ஆமாம் அம்மா. பழையது உடைந்துவிட்டது. தந்தியைத் தளர்த்தாமல் வெயிலில் விட்டுவிட்டேன். என் தப்புதான்."

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தாள். "என்ன விலை?"

"பதினேழாயிரத்து ஐந்நூறு."

"நிஜமா?"

"நிஜமாகத்தான்."

அம்மா சிரித்தாள். "அவன் அதைச் சிநேகிதனோடதுன்னு சொல்லித்தான் வீட்டுக்குள்ளே கொண்டு வந்தான். அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு. ஆறு மாசம் கழிச்சு அலமாரியிலே ரசீது கிடைச்சுது. நான் அப்பாகிட்டே சொல்லல்லே."

இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக அவள் காத்து வந்த இரகசியம் அது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

"பழசைத் தூக்கிப் போட்டுடாதே. துடைச்சு அந்த மூலையிலே வை" என்றாள். பிறகு, "சரி, வாசி" என்றாள்.

வாசித்தேன். பன்னிரண்டு தந்திக் கிதாரின் இனிமை எதில் இருக்கிறது என்பதை அன்றுதான் கவனித்துக் கேட்டேன். சோடித் தந்திகள் இரண்டும் மிக நெருங்கி நின்றாலும் இம்மியளவு விலகியே ஒலிக்கின்றன. அந்த இம்மியில்தான் அலை எழுகிறது, நிறைவு வருகிறது. ஒன்று மற்றொன்றாகவே ஆகிவிட்டால் அந்த மினுமினுப்பு இல்லை.

இப்போது தினமும் விளக்கு வைத்த பிறகு பத்து நிமிஷம் சுருதி சேர்க்கிறேன். ராத்திரி படுக்கப் போகுமுன் தந்திகளைத் தளர்த்துகிறேன். அம்மா கட்டிலிலிருந்து, "இன்னும் ஒண்ணு சேரல்லே" என்று சொல்கிறாள். பெரும்பாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.