அருளின்றி ஆகுமோ?

ஓட்டப்பிடாரம் என்றதும் நம் நினைவில் எழுபவர் வ.உ. சிதம்பரனார். 1872-இல் அவ்வூரில் பிறந்து, 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, 1908-இல் சிறை புகுந்தவர். அவருடைய மன உறுதிக்குக் கடலும் சிறையும் சாட்சி. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூலொன்றை ‘மனம் போல வாழ்வு’ என்ற பெயரில் அவர் தமிழாக்கித் தந்தார். மனிதன் தன் எண்ணங்களாலேயே தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பது அந்நூலின் சாரம். அடிமைப்பட்டுக் கிடந்த மக்களுக்கு அது வேண்டிய மருந்தே. ஆயினும் நம்பிக்கையாளர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. நல்லெண்ணத்தாலும் முயற்சியாலும் மனிதன் நல்லவனாகிவிட முடியுமெனில், பாவம் என்றும் அருள் என்றும் திருச்சபை ஓயாது பேசுவது எதற்காக?

இக்கேள்வி புதியதன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியுஸ் என்னும் தவசி இதையே எழுப்பினார். கடவுள் கட்டளை தந்துள்ளார். அதைக் கடைப்பிடிக்கும் ஆற்றலையும் இயல்பிலேயே வைத்துள்ளார். வேறென்ன வேண்டும் என்பது அவர் வாதம். புனித அகுஸ்தினார் மறுத்தார். நன்மை எதுவென்று அறிவது வேறு, அதை மனமார விரும்புவது வேறு. சட்டம் அறிவைத் தரும், அன்பை அருளே தரும் என்றார். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் பெலாஜியுஸின் கொள்கையைத் தள்ளிவிட்டது.

மன உறுதியால் ஒருவன் குடியை விடலாம், கோபத்தை அடக்கலாம், மெய்தான். ஆனால் குடியை விட்டவன் மறுநாளே விடாதவனை இகழத் தொடங்குகிறான். சினத்தை அடக்கியவன் தன் பொறுமையைத் தானே வியந்துகொள்கிறான். வாயிலில் துரத்தப்பட்ட பாவம் புழக்கடை வழியே உள்ளே வந்து அமர்ந்துவிடுகிறது. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமல், வெறுக்கும் தீமையையே செய்வதாகப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் புலம்புவது இந்த அனுபவத்தைத்தான்.

இதைவிடக் கொடியது, பாவம் பாவமாகவே தோன்றாத நிலை. அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. 1745-இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் வடக்கன்குளம். சாதி பாராது எல்லாரோடும் பழகி, 1752-இல் உயிரீந்து, 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர். அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்தில் சாதிகளைப் பிரிக்கும் தடுப்பும் எழுந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் சென்றோரும் உண்டு. அவர்கள் செபிக்காதவர்களோ, நோன்பிருக்காதவர்களோ அல்லர். ஒரே அப்பத்தை உண்டு, சுவருக்கு இருபுறமும் முழந்தாளிட்டவர்கள். தன் கண்ணில் உள்ள மரக்கட்டையைத் தன் கண்ணாலேயே காண முடியாது. வெளியிலிருந்து ஒளி வரவேண்டும். அந்த ஒளிதான் அருளின் முதற்செயல். இன்று கல்லறைத் தோட்டத்திலும் திருவிழா உரிமையிலும் நாம் எழுப்பும் தடுப்புகளுக்கும் இது பொருந்தும்.

முத்துக்குளித்துறை மக்கள் 1536, 1537-ஆம் ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றபோது, பகைவரிடமிருந்து பாதுகாப்புத் தேடியதும் அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. தூய நோக்கம் முழுமையாக உருவாகட்டும் என்று அருள் காத்திருக்கவில்லை. 1542-இல் வந்த புனித சவேரியார் அவர்களுக்குக் கற்பித்த செபங்களுள் பாவங்களை ஏற்றுக்கொள்ளும் செபமும் ஒன்று. அண்டிரிக் அடிகளார் ஒப்புரவுக்கு வழிகாட்டும் தமிழ் நூல் ஒன்றை 1580-இலேயே அச்சிட்டார். தன் பாவத்தைத் தன் மொழியில் சொல்ல இக்கரை மக்கள் இவ்வாறு கற்றனர். அருளுக்கு நம் முன்னோர் வழங்கிய பழஞ்சொல்லோ ‘பிரியதத்தம்’. அதாவது, பிரியத்தால் கொடுக்கப்பட்டது. உழைத்துப் பெறும் கூலியன்று என்பதை அச்சொல்லே உரைக்கிறது.

அப்படியானால் மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லையா? முத்துக்குளிப்போனை எண்ணிப் பாருங்கள். கட்டிய கல் அவனை ஆழத்திற்கு இறக்கும். மூச்சு முட்டுகையில் அவன் கயிற்றை அசைப்பான். படகில் இருப்பவன் இழுத்துக் கரையேற்றுவான். அசைப்பது குளிப்பவன் செயல். மேலேற்றுவது பிறர் கை. இந்த உவமையும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது: கயிற்றை அசைக்கும் எண்ணத்தையும் இறைவனே நம்முள் எழுப்புகிறார். அருளே முந்துகிறது, மனிதன் அதற்கு இசைகிறான் என்று 1547-இல் திரிதெந்து சங்கம் கற்பித்தது. 1999-இல் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அவுக்ஸ்பூர்க் நகரில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையும் நம் மீட்பு நம் தகுதியால் வருவதன்று என ஒருமித்து அறிக்கையிட்டது.

ஆகவே, சிதம்பரனாரின் உறுதியை நாம் போற்றுவோம். அவ்வுறுதியும் இறைவன் கொடையே என அறிக்கையிடுவோம். தான் அருளால் நிற்பதை உணர்ந்தவன் விழுந்து கிடப்பவனை ஏளனம் செய்யமாட்டான். தான் விழுந்தபோதும் நம்பிக்கை இழக்கமாட்டான். பகைத்திருக்கும் சகோதரனின் வீட்டுப் படியேற நமக்கு மனம் வரவில்லையெனில், அந்த மனத்தையே இறைவனிடம் கேட்போம். கேட்பதற்குத் தகுதி எதுவும் தேவையில்லை.