அச்சமும் சுவையும் அறமும்

அஞ்சுதல் உயிர்களுக்கெல்லாம் பொது. அஞ்சி மகிழ்தலோ மனிதனுக்கே உரியது. புலியின் வாடை பட்ட மான் ஓடி மறையும். மறைந்தபின் புலியைப் பற்றிய கதை கேட்க அது திரும்பி வருவதில்லை. மனிதன் வருகின்றான். கேட்டு நடுங்குகின்றான், நடுக்கம் தணியுமுன்னே இன்னொரு கதை கேட்கின்றான். வேதாளக் கதை முதல் பேய் உலவும் மாளிகைகளைப் பற்றிய இக்கால நூல்கள் வரை வாசகரை இழந்ததில்லை. சிங்கப்பூரில் 1989ஆம் ஆண்டு முதல் ரஸ்ஸல் லீ என்ற பெயரில் வெளிவந்த ஆங்கிலப் பேய்க்கதைத் தொகுதிகளையும், மலாய் மொழியில் தாமார் ஜாலிஸ் எழுதிய ஜின் கதைத் தொடரையும் பாடநூலைத் தொடாத கைகளும் தொட்டன.

இவ்வின்பம் தக்கதா என்னும் வினா ஆசிரியர்முன் அடிக்கடி எழுகின்றது. பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பர் சிலர். பொழுதை வீணாக்கும் என்பர் வேறு சிலர். இவ்விரண்டினும் ஆழமான மூன்றாம் வினா ஒன்று உண்டு. அதனைக் கேட்போர் குறைவு. ஒவ்வொரு பேய்க்கும் பின்னால் ஒரு சாவு இருக்கின்றது. ஒருவருடைய சாவு மற்றொருவருக்குப் பொழுதுபோக்காகலாமா என்பதே அவ்வினா.

அச்சம் சுவையாதல்

அச்சத்தை இலக்கியத்தின் புறத்தே நிறுத்தும் மரபு தமிழில் இல்லை. தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தது. அது பிறக்கும் இடங்கள் நான்கு எனக் கூறி, அவற்றுள் அணங்கினை முதலாவதாக எண்ணியது. 'பேம்' என்னும் சொல்லுக்கு அச்சம் என்பதே பொருள் என்று உரியியல் உரைக்கும்.

மேலை நாட்டு அறிஞரும் இதனை ஆராய்ந்தனர். நேரிற் காண வருத்தம் தரும் பொருளும் கலையில் வடிக்கப்படும்போது இன்பம் தருகின்றது என்பது அரிஸ்டாட்டில் கண்ட உண்மை. 1757இல் வெளிவந்த தம் நூலில் எட்மண்டு பர்க் மேலும் ஒரு படி சென்றார். இடர் மிக நெருங்கினால் துன்பமே. அது சற்று விலகி நின்றால் மகிழ்ச்சியும் ஆகலாம் என்று அவர் விளக்கினார். வீட்டினுள் விளக்கொளியில் அமர்ந்து சுடுகாட்டைப் பற்றிப் படிப்பவன் அடையும் கிளர்ச்சிக்கு இதனினும் நல்ல விளக்கம் அரிது.

செயங்கொண்டார் இவ்விடைவெளியை நன்கு அறிந்த புலவர். கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்ணும் காட்சி கற்போரை அஞ்சவும் சிரிக்கவும் ஒருங்கே செய்கின்றது. ஆயினும் அக்கூழில் வெந்தவர் யார்? கலிங்கத்துப் படைவீரர். அவருள் ஒருவருடைய பெயரேனும் வகுப்பறையில் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. மேற்கூறிய மூன்றாம் வினாவின் விதை இங்கேயே கிடக்கின்றது.

நம்புவோனும் நயப்போனும்

முதலில் மூடநம்பிக்கை என்னும் தடையை நோக்குவோம். மணிமேகலையில் சார்ங்கலன் என்னும் சிறுவனின் கதை வருகின்றது. தனியே சுடுகாட்டு வழியே சென்ற அவன், ஆடும் பேயொன்றைக் கண்டு அஞ்சி, வீடு வந்து உயிர் துறந்தான். அவன் தாய் கோதமை தன்னுயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு தெய்வத்திடம் மன்றாடினாள்; அது நடவாது என்றே விடை வந்தது. அச்சம் கொல்லும் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை. மரத்தில் பேய், குளத்தில் பேய் என்று அஞ்சிச் சாகும் மக்களை எண்ணிப் பாரதியார் நெஞ்சு பொறாது பாடினார். வேப்பமரத்துப் பேயைச் சொல்லிச் சிறுவரை முடக்குவோரின் பேச்சை நம்பாதே என்று பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படப்பாடலில் அறிவுறுத்தினார்.

இவை அனைத்தும் மெய்யே. ஆயினும் பேயை மெய்யாக நம்புகின்றவன் பேய்க்கதையில் இன்பம் காண்பதில்லை என்பதும் மெய். மரத்தில் முனி இருப்பதாக நம்புகின்றவன் அம்மரத்தைப் பற்றிய பேச்சையே தவிர்ப்பான், வழியையும் மாற்றிக்கொள்வான். கதையைக் கேட்டு நயக்கின்றவனோ அச்சத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கக் கற்றவன். சுவைக்கத் தொடங்கிய அளவில் நம்பிக்கையின் பிடி தளர்கின்றது.

1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழில் பல்லாண்டுகள் வந்த விக்கிரமாதித்தன் கதையை நினைவுகூரலாம். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளேந்தி நடக்கும் மன்னனை ஓவியர் சங்கர் வரைந்த படம் இரண்டு மூன்று தலைமுறை மாணாக்கரின் உள்ளத்தில் பதிந்தது. அக்கதையில் வேதாளம் எவரையும் கடித்துக் குதறுவதில்லை. கதை சொல்கின்றது, சொல்லி முடித்து, எது நீதி என்று கேட்கின்றது. விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை சுக்குநூறாகும் என்று எச்சரிக்கின்றது. தமிழ்ச் சிறுவர்க்கு அறநூல் வகுப்பு முருங்கை மரத்தடியிலும் நடந்திருக்கின்றது. ஆகவே பேய்க்கதை படிக்கும் மாணவனைக் கடிந்து நூலைப் பறிப்பது தேவையற்றது. அவனை வேதாளத்தைப் போல் வினவச் செய்வதே தேவை.

நீலியின் கண்ணீர்

வினவாத வாசிப்பு எத்தகைய தீங்கு செய்யும் என்பதற்குப் பழையனூர் நீலியின் கதையே சான்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாக வழங்கும் இக்கதை பல வடிவில் உண்டு. கணவனால் வஞ்சித்துக் கொல்லப்பட்ட பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகின்றாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊரவை முன் அழுகின்றாள். அவ்வழுகையை நம்பிய வேளாளர் எழுபதின்மர் வணிகனின் உயிருக்குத் தம்முயிரைப் பிணையாகத் தந்து, அவனை அவளுடன் அனுப்புகின்றனர். வணிகன் மாள்கின்றான். எழுபதின்மரும் சொன்ன சொல் காத்துத் தீப்பாய்கின்றனர்.

இக்கதையிலிருந்து மக்கள் வழக்கில் எஞ்சியது எது? 'நீலிக் கண்ணீர்' என்னும் தொடர். பொய்யழுகைக்கு அது பெயராயிற்று. எழுபதின்மரின் வாய்மை போற்றப்படுகின்றது, அது தகும். ஆனால் அவள் முதலில் கொலையுண்டவள் என்பதை எவரும் எண்ணுவதில்லை. அவளைக் கொன்ற கணவனின் பெயரால் ஒரு பழமொழியும் பிறக்கவில்லை. பேய்க்கதையின் பெருங்குறை இங்கே வெளிப்படுகின்றது. அது சிலவேளைகளில் தீங்குற்றவரைத் தீங்கு செய்பவராக மாற்றிவிடுகின்றது.

மலாய் மக்களின் பொந்தியானாக் கதையும் இத்தகையதே. மகப்பேற்றில் இறந்த பெண்ணே பொந்தியானாக் ஆவாள் என்பது அந்நம்பிக்கை. 1957இல் பி.என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' திரைப்படம் பெரும் வரவேற்புப் பெற்றது. மருத்துவ வசதி எட்டாத காலத்தில் பிள்ளைப்பேற்றில் உயிர்விட்டவள், இறந்தபின் ஊரார் அஞ்சி ஓடும் உருவமாகின்றாள். அவள் பிழைக்கத் துணை கிட்டாமற் போனது ஏன் என்று கதை கேட்பதில்லை.

தோட்டத்துப் பேய்கள்

நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த செண்டாயான் வட்டாரம் ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாலும் லயன் வீடுகளாலும் ஆனது. பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நெற்றி விளக்கின் ஒளியில் மரம் சீவிய மக்கள் வாழ்ந்த இத்தகைய தோட்டங்களில் பேய்க்கதை வழங்காதிருந்தால்தான் வியப்பு. இன்ன மலைச்சரிவில் நிற்காதே, இன்ன ஓடையில் உச்சிவேளையில் கால் வைக்காதே, காத்து கருப்பு அடித்துவிடும் என்னும் எச்சரிக்கைகள் தோட்டப்புறத் தமிழர் பேச்சில் ஊறியவை. எல்லையில் முனியாண்டி காவல் நின்றார்.

இவ்வச்சங்களைப் பேதைமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாகாது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் கெட்ட காற்று என்றே பொருள். தோட்டத்து மக்களின் காத்து கருப்பும் ஐரோப்பியரின் கெட்ட காற்றும் அறியாமையில் உடன்பிறந்தவை. கொசுவே இந்நோயைப் பரப்புகின்றது என்பது தெளிவானபின், 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மால்கம் வாட்சன் நோய்த்தடுப்புப் பணியில் ஈடுபட்டார். குன்றுப்பாங்கான நிலத்தில் காட்டை வெட்டியதும், வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் ஒருவகைக் கொசு பெருகுவதும், அதனால் காய்ச்சல் மிகுவதும் அக்கால ஆய்வுகளால் அறியப்பட்டன. பேய் பிடித்த ஓடை என்று முதியோர் சுட்டிய இடங்களுள் சில, மெய்யாகவே உயிர் குடித்த ஓடைகளாக இருந்திருக்கக்கூடும். கொன்றது எது என்று அறியாத மக்கள், சாவு நிகழ்ந்த இடத்தையேனும் மறவாது காத்தனர்.

சப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டவர் எண்ணற்றோர். காஞ்சனபுரியில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் வெள்ளையர் கல்லறைகள் வரிசையாக உள்ளன. மாண்ட தமிழருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. திரும்பி வாராத மகனைப் பற்றிய ஏக்கம், இரவில் கதவு தட்டும் ஓசையாகவும் இருளில் கேட்கும் அழைப்பாகவும் கதைகளில் உலவுவது இயல்பே. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலையும் அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்னும் நாவலையும் எழுதி அத்துயருக்கு இலக்கிய வடிவம் தந்தனர்.

பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே நிற்கும் கெல்லி மாளிகை இன்னும் தெளிவான சான்று. மலேசியாவின் பேய் உலவும் இடங்களைப் பற்றிய நூல்கள் அதனை விடுவதில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் அதனைக் கட்டத் தொடங்கினார். சென்னை மாநிலத்திலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். கட்டுமானக் காலத்தில் பரவிய கொள்ளைநோய்க்குத் தொழிலாளர் பலியாயினர். அவர்கள் வேண்டியவாறு துரை மாரியம்மன் கோயில் ஒன்று கட்டித் தந்தார்; அதன் மேற்றளத்துச் சிலைகளிடையே அவருருவும் நிற்கின்றது. 1926இல் லிஸ்பன் நகரில் அவர் இறந்தார், மாளிகை முற்றுப்பெறவில்லை. இன்று கதைகளில் அங்கு உலவும் ஆவி பெரும்பாலும் துரையின் ஆவியே. செங்கல் சுமந்து மாண்ட தமிழனுக்குப் பேயாக உலவும் பேறும் அரிதாயிற்று!

வாசகனின் கடன்

மூன்றாம் வினாவுக்கு விடை இனி எளிது. முற்றிலும் கற்பனையான பேய்க்கதையில் இன்பம் காண்பதில் குற்றமில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யைப் படித்து நடுங்குகின்றவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். உண்மை இடத்தையும் உண்மைச் சாவையும் பற்றிய கதையோ ஒரு கடனைச் சுமத்துகின்றது. இறந்தவர் யார், எவ்வாறு இறந்தார், அச்சாவினால் பயனடைந்தவர் எவர் என்னும் மூன்றையும் கேட்பதே அக்கடன். கேட்டபின் கதையின் சுவை குறைவதில்லை. முதுகுத்தண்டில் தோன்றிய குளிர் நெஞ்சுக்கு இறங்குகின்றது.

மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு; களம்பட்ட மறவனுக்கு நடுகல் உண்டு. ஏட்டில் இடம்பெறாத கூலித் தொழிலாளிக்குப் பேய்க்கதையே பலவேளைகளில் எஞ்சிய ஒரே நினைவுச்சின்னம். செண்டாயானில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகரும் விமானப்படைத் தளமும் எழுந்துள்ளன. பால்மரமும் லயனும் மறையும் இடங்களில் ஓடையும் மேடும் உருமாறுகின்றன. அவ்விடங்களைச் சுட்டிய கதைகளும் முதியோருடன் மறையும். தமிழாசிரியர்கள் மாணாக்கரைக் கொண்டு அக்கதைகளை எழுதச் செய்தல் வேண்டும். எழுதும் கதை ஒவ்வொன்றின் கீழும் மேற்கூறிய மூன்று வினாக்களுக்கும் விடை தேடச் செய்தலும் வேண்டும்.

தமிழகத்து ஊர்களில் வழியோரம் சுமைதாங்கிக் கற்கள் நிற்பதைக் காணலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். சுமையை இறக்க இயலாமல் இறந்தவளின் பெயரால், வழிப்போக்கர் தம் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற அக்கல் நிறுவப்பட்டது. அவளுடைய ஆவிக்கு அஞ்சிய ஊரும் அதுவே. அவள் பட்ட துயரை எண்ணி அடுத்தவருக்கு உதவிய ஊரும் அதுவே. அச்சம் அறமாக மாறிய இடம் அது. பேய்க்கதை படிக்கும் மாணாக்கர் சென்று சேரவேண்டிய இடமும் அதுவே.