கேளாமுன் அளித்த மன்னிப்பு

தீங்கு செய்தவர் வந்து தலைதாழ்த்தி நின்ற பின்னரே மன்னிப்புத் தொடங்குகிறது என்று நாம் பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். 'முதலில் அவர்கள் வந்து கேட்கட்டும். பிறகு பார்க்கலாம்' என்பது நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொல். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1965ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. அத்திங்கள் 19ஆம் நாள், குஜராத் முதலமைச்சர் பல்வந்தராய் மேத்தா மித்தாப்பூரிலிருந்து கட்ச் எல்லைப் பகுதியை நோக்கிச் சிறியதொரு பீச்கிராஃப்ட் விமானத்தில் புறப்பட்டார். துணைவியார், அலுவலர் மூவர், செய்தியாளர் ஒருவர் ஆகியோர் உடன் சென்றனர். விமானத்தைச் செலுத்தியவர் ஜஹாங்கீர் எஞ்சினியர். இவர் முன்னர் இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். இவருடைய உடன்பிறந்தாரும் விமானப்படையினரே. அவர்களுள் ஒருவரான ஆஸ்பி எஞ்சினியர் 1960 முதல் 1964 வரை விமானப்படைத் தலைமைத் தளபதியாக விளங்கியவர்.

கராச்சியை அடுத்த மௌரிப்பூர்த் தளத்திலிருந்து சேபர் போர்விமானம் ஒன்று எழுந்தது. அதில் இருந்தவர் கைஸ் உசேன் என்னும் இளம் விமானி. அருகில் சென்று பார்த்த அவர், அது படைவிமானமன்று, பயணியர் விமானம் என்று தரைக்கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தார். பீச்கிராஃப்ட் விமானமோ இறக்கைகளை அசைத்து அசைத்து இரக்கம் வேண்டியது. தரையிலிருந்து உடனே விடை வரவில்லை. சில நிமிடங்கள் கழிந்த பின்னர், சுடுமாறு ஆணை வந்தது. எல்லையில் புதியதொரு போர்முனை திறப்பதற்காக வேவு பார்க்கும் விமானமோ என்பது அவர்கள் ஐயம். அவர் சுட்டார். விமானம் கட்ச் மாவட்டத்துச் சுதரி என்னும் ஊரருகே வீழ்ந்தது. அதில் இருந்த எண்மரும் மாண்டனர்.

சுதரி என்னும் பெயர் நம்மவர்க்குப் புதிதன்று. கட்ச் நாட்டு அப்டாசா வட்டாரத்தின் ஐந்து சினத் தலங்களுள் அதுவும் ஒன்று. க்ருதகல்லோல பார்சுவநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர். கொல்லாமையைப் போதித்த பெருமானின் தலத்தருகே எட்டு உயிர்கள் வானிலிருந்து வீழ்ந்து கருகின என்பதை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகிறது.

அக்காலத்தில் யாம் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தோம். பின்னாளில் ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறையில் நின்றபோது, 1957ஆம் ஆண்டின் பல்வந்தராய் மேத்தா குழுவையும் அது பரிந்துரைத்த மூன்றடுக்கு ஊராட்சி முறையையும் ஆண்டுதோறும் நடத்தினோம். ஐந்து மதிப்பெண் வினா அது. அப்பெருமகனார் எங்ஙனம் மறைந்தார் என்று மாணவர் எவரும் கேட்டதில்லை, யாமும் சொன்னதில்லை. அவருடன் மாண்ட விமானியின் பெயரோ எப்பாடத்திலும் இல்லை. ஆயினும் அவ்விமானிக்கும் ஓர் இல்லம் இருந்தது. தந்தை இல்லாமலே வளர வேண்டியிருந்த பிள்ளைகள் அங்கே இருந்தனர்.

நாற்பத்தாறு ஆண்டுகள் சென்றன. 2011ஆம் ஆண்டில், அந்நிகழ்ச்சியைப் பற்றிய கட்டுரை ஒன்று கைஸ் உசேனின் பார்வைக்கு வந்தது. அவர் ஜஹாங்கீர் எஞ்சினியரின் மகளைத் தேடிக் கண்டறிந்து மடல் எழுதினார். தாம் விதிமுறை வழுவாது ஆணைப்படியே நடந்ததாகவும், எனினும் அருமையான உயிர்கள் போனது தம்மையும் வருத்துவதாகவும் கூறி, தம் இரங்கலைத் தெரிவித்தார். மாண்ட ஏனையோரின் குடும்பத்தாருக்கும் அதனைச் சேர்ப்பிக்குமாறு வேண்டினார்.

மகளிடமிருந்து சில நாட்களிலேயே மறுமொழி வந்தது. அந்த ஒரு நிகழ்ச்சி தங்கள் வாழ்க்கை முழுவதையும் மாற்றிவிட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால், தந்தையைச் சுட்டவர்மீது தாங்கள் ஒருபோதும் கசப்போ வெறுப்போ கொண்டதில்லை என்றும், போரின் குழப்பத்தில் அனைவருமே பகடைக்காய்களாகிப் போனதைத் தாங்கள் அறிந்தே இருந்ததாகவும் எழுதினார். அத்துடன் நில்லாமல், தம் தந்தை எத்தகைய பண்பாளர் என்பதையும் அவருக்கு எடுத்துரைத்தார்.

இம்மறுமொழியில் நாம் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, அம்மன்னிப்பு மடல் வந்த பிறகு பிறந்ததன்று. மடல் வருமென்று எதிர்பார்க்க எவ்வித ஏதுவுமின்றியே அது அவ்வில்லத்தில் பல்லாண்டுகளாக இருந்துவந்தது. அதற்கு அதுவரை முகவரி இல்லை. மடல் முகவரியைத் தந்தது, அவ்வளவே. இரண்டாவது, சுட்டவர் அறிந்திருந்தது ஒரு விமானத்தை மட்டுமே. அதனுள் இருந்த மனிதரை அன்று. மகள் தம் தந்தையை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். பழிப்பதைவிட இது கனமான செயல் என்றே தோன்றுகிறது.

'அப்படியானால் அச்செயல் சரியென்று ஆகிவிடுமா?' என்று அன்பர்கள் வினவலாம். ஆகாது. தான் செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூவழியிலும் வினை வந்து சேரும் என்பது நம் ஆன்றோர் உரைத்த நெறி. விசையை அழுத்தியவரைப் போலவே ஆணையிட்டவருக்கும், வெற்றியென்று மகிழ்ந்தவருக்கும் அதில் பங்குண்டு. கைஸ் உசேனோ தம் செயல் தவறென்று எழுதவில்லை. வருந்துவதாக மட்டுமே எழுதினார். தவறென்று ஒப்பாத வருத்தம் முழுமையானதா என்று நாம் வழக்காடலாம். அம்மகள் வழக்காடவில்லை. அவரவர் வினை அவரவரைத் தொடரும். அதனை எடைபோடும் தராசு நம் கையில் இல்லை. மன்னிப்பதென்பது செயலுக்குத் தீர்ப்புக் கூறுவதன்று. நம் உள்ளத்தில் எதை வைத்துக் காப்பது, எதை வெளியேற்றுவது என்பதே அதில் நாம் செய்யும் முடிவு.

இதனை யாம் நூலறிவால் எழுதவில்லை. இழப்பினால் கற்று எழுதுகிறோம். எம் தமையனாருக்கும் எமக்கும் தந்தையார் விட்டுச்சென்ற நிலத்தின் வரப்பைக் குறித்து மனத்தாங்கல் உண்டாயிற்று. ஆண்டுதோறும் தசலட்சண நோன்பில் உத்தம க்ஷமையைப் பற்றிய உரையைக் கேட்டோம். நோன்பு முடிந்ததும் கண்டவரிடமெல்லாம் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டினோம். அவருடைய வீட்டு வாயிலை மட்டும் கடந்து சென்றோம். அவர் முதலில் வரட்டும் என்று யாம் இருந்தோம். யாம் வரவேண்டுமென்று அவர் இருந்திருப்பார். பதினோராம் ஆண்டில் அவர் காலமானார்.

இன்று தமையனாரை நினைத்தால் முதலில் கண்முன் நிற்பது அந்த வரப்புத்தான். மிதிவண்டியின் பின்னே ஓடிவந்து எம்மைத் தாங்கிப் பிடித்த அவர் கை, அதற்குப் பின்னரே நினைவுக்கு வருகிறது. ஒரு சாண் அகல மண், உடன்பிறந்தவர் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டது. தந்தையை இழந்த அப்பெண்மணியோ தம் நினைவில் தந்தையின் இடத்தைத் தந்தைக்கே வைத்திருந்தார். கொன்றவரை வெறுத்திருந்தால், தந்தையை எண்ணும்போதெல்லாம் கொன்றவரே வந்து முன்னே நின்றிருப்பார். மறைந்தவர்க்கு நாம் செய்யும் கடன்களுள் தலையாயது, நம் நினைவில் அவரை அவராகவே இருக்க விடுதல்.

ஆதலின், மன்னிப்புக் கேட்பாரை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியவர் வாராமலே போகலாம். நாமும் அதுவரை இல்லாது போகலாம். நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்தேனும் ஒரு மடல் எழுதப்பட்டது. எம் இல்லத்தில் அதுவும் நிகழவில்லை. இதைப் படிக்கும் அன்பர்களுள் எவரேனும் ஆண்டுதோறும் கடந்து செல்லும் ஒரு வாயில் இருக்குமானால், அடுத்த நோன்பு வரும்வரை காத்திராமல் இவ்வாரமே அங்குச் சென்று வருமாறு கைகூப்பி வேண்டுகிறோம்.