யாரைக் கேட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள்?

சட்டமே சங்கத்தின் கதவை அடைத்த பிறகு தொழிலாளி துப்பாக்கி எடுப்பது எப்படிக் குற்றமாகும் என்று, மலாயா விஷயத்தில் தோழர்கள் சிலர் இன்றும் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஜப்பானியர் காலத்தில் நம்மவர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதையில் மாண்டபோது, காப்பாற்ற எந்தச் சர்க்காரும் இருக்கவில்லை. அந்நாளில் காட்டிலிருந்து எதிர்த்துப் போராடியது கம்யூனிஸ்டுக் கட்சியின் படையே. 1945-ல் வெள்ளையர் ஆட்சி திரும்பியது. 1948-ல் அவ்வாட்சி தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தையும் ஒழித்தது. அவ்வாண்டு ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது.

ஆனால் நாம் கேட்பது வேறு. எந்தக் கூலியாளின் பெயரால் துப்பாக்கி எடுக்கப்பட்டதோ, அவனுடைய சம்மதத்தை யார் கேட்டார்கள்?

பஹாங்கின் வடமேற்கு மூலையிலுள்ள கேமரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1929-ல் தொடங்கிய போ தோட்டம் முதலிய தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். தேயிலை நிரை முடியுமிடத்தில் காடு தொடங்கும். இரவில் காட்டிலிருந்து ஒருவன் வந்து லயத்துக் கதவைத் தட்டி அரிசி கேட்கிறான். கொடுத்தால் சிறை, கொடாவிட்டால் துரோகிப் பட்டம், அதற்குரிய தண்டனை. 1950-க்குப் பின் பிரிக்ஸ் திட்டப்படி லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போவதும் பல இடங்களில் தடுக்கப்பட்டது. பயந்து கொடுத்த அந்த அரிசியைக் கட்சி ஆதரவென்று கணக்கெழுதிற்று; சர்க்கார் துரோகமென்று எழுதிற்று. கொடுத்தவளுக்கு அது பிள்ளைகளின் மறுநாள் கஞ்சி.

சர்க்காரின் கை சுத்தமென்று நாம் சொல்ல வரவில்லை. 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமற்ற கிராமத்தார் 24 பேரைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டனர். சம்மேளனத் தலைவராயிருந்த தோழர் எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தாரென்று 1949 மே 4-ல் தூக்கிலிடப்பட்டார். இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டும் பயனில்லை. இவையெல்லாம் கொடுமைகளே. ஆனால் சர்க்காரின் கொடுமை, கட்சிக்குப் பிறருடைய உயிரின் மேல் அதிகாரப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுமா? அப்பன்னிரண்டு ஆண்டுகளில் கிளர்ச்சிக்காரரால் மாண்ட பொதுஜனங்கள் ஏறக்குறைய 2,500 பேர். அவர்களில் மிகுதியோர் சீனர். கட்சி பெரும்பாலும் ஆள் திரட்டிய சமூகத்தாரே.

இதைக் கட்சியும் உணராமலில்லை. ரப்பர் மரங்களை வெட்டுவது, ரேஷன் கார்டுகளைப் பறிப்பது, கூட்டத்தில் சுடுவது முதலியவற்றை நிறுத்தும்படி 1951 அக்டோபரில் அதுவே தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டது. மரத்தை வெட்டினால் பால்வெட்டுகிறவனுக்குப் பிழைப்பு ஏது? மூன்று வருஷம் சுட்ட பிறகு கண்ட இவ்வுண்மையை, சுடுமுன் ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒரு கிழவி சொல்லியிருப்பாள்.

1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்தது. அதற்குச் சர்க்காரின் தயவு அதிகமென்று குறை சொன்னவர் உண்டு. அக்குறையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அதற்குச் சந்தா கொடுப்பதா வேண்டாமா என்பதை லயத்து ஆள் பகல் வெளிச்சத்தில் யோசித்துச் சொல்லலாம்.