மன்றமும் மேடையும்: வாக்குக் கேட்கும் சட்டத்தரணியின் அறம்

நீதிமன்றத்திலே ஒரு சட்டத்தரணி எவருக்காகத் தோன்றுகிறாரோ அவரைக் ‘கட்சிக்காரர்’ என்பது தமிழர் வழக்கம். அரசியலிலே ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவரையும் நாம் ‘கட்சிக்காரர்’ என்றே அழைக்கின்றோம். ஒரே சொல் இரு பொருளில் வழங்குவது மொழியிலே புதுமையன்று. ஆயினும் ஒரு சட்டத்தரணி சட்டசபை ஆசனத்துக்குப் போட்டியிடும்போது இச்சொல் ஒரு வினாவாக மாறிவிடுகின்றது. அவருடைய கட்சிக்காரர் யார்? அவரை வேட்பாளராக்கிய இயக்கமா, அல்லது அவருக்கு வாக்களிக்கும் மக்களா? மன்றத்திலே அவருக்குப் பொருந்தும் அறம் மேடையிலும் பொருந்துமா? இவ்வினாக்களைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைத் தமிழரின் அரசியல் வரலாற்றை எழுதப் புகுபவர் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களை விலக்கிவிட்டு அதனை எழுதுதல் இயலாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றியவர். ஜீ. ஜீ. பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளிலே பெயர் பெற்றவர். சா. ஜே. வே. செல்வநாயகம் குடியியல் வழக்குகளிலே நிகரற்று விளங்கியவர். மக்கள் தமக்காகப் பேசத் தெரிந்தவரைத் தேடினர். பேசுதலைத் தொழிலாகக் கொண்டோர் கிடைத்தனர். இது இயல்பேயாம். ஆனால் நாவன்மையை நாடிய மக்கள், அந்நாவன்மையைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பற்றி அதிகம் சிந்தித்தனரா என்பது ஐயத்துக்குரியது.

சட்டத்தரணிக்கு மன்றம் அளிக்கும் உரிமை பெரிது. தாம் முழுமையாக நம்பாத ஒரு பக்கத்தையும் அவர் வாதாடலாம். இதனை நாம் பொய்ம்மை என்று கொள்வதில்லை. ஏனெனில் எதிர்த்தரப்பிலே அவருக்கு நிகரான ஒருவர் நிற்கின்றார். இருவருக்கும் மேலே பற்றற்ற நீதிபதி அமர்ந்திருக்கின்றார். ஒருவர் மறைப்பதை மற்றவர் வெளிப்படுத்துவார். இருவரும் மிகைப்படுத்துவதை நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். ஒருவரது சார்பு குற்றமற்றதாவது அந்த முழு அமைப்பினாலேயே.

தேர்தல் மேடையில் இவ்வமைப்பு இல்லை. அங்கே தீர்ப்பளிப்பவரும் மக்களே. எவருக்காக வாதாடப்படுகின்றதோ அவரும் மக்களே. நீதிபதியும் கட்சிக்காரரும் ஒருவராகிவிட்ட பின்னர், நீதிபதியை மயக்குவது கட்சிக்காரரை வஞ்சிப்பதாகவே முடியும். பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலிலே சோக்கிரதீஸ் நாவன்மையைச் சமையற் கலைக்கும், நீதியை மருத்துவத்துக்கும் ஒப்பிடுவார். சிறுவர்கள் நீதிபதிகளாக அமர்ந்து, சமையற்காரன் வழக்குத் தொடுத்தால், மருத்துவனுக்குத் தண்டனை நிச்சயம் என்பது அவர் எடுத்துக்காட்டு. மக்களைச் சிறுவர் என்று கருதுவது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் நாவுக்கு இனியதும் உடலுக்கு நல்லதும் வேறு என்னும் அவ்வேறுபாட்டை மறுத்தல் அரிது.

1911ஆம் ஆண்டுத் தேர்தலை நோக்குவோம். மக்கலம் ஆள்பதியின் காலத்துச் சீர்திருத்தத்தின்படி, படித்த இலங்கையர்க்கென ஓர் ஆசனம் சட்டநிரூபண சபையிலே உருவாக்கப்பட்டது. வாக்குரிமை பெற்றோர் மூவாயிரத்துக்கும் குறைந்தோரே. டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை எதிர்த்து இராமநாதன் வென்றார். சிங்களவர் பலர் ஒரு தமிழரைத் தெரிந்தனர் என்று இதனைப் பெருமையோடு நினைவுகூர்வோர் உளர். அவ்வாக்குகளிற் கணிசமானவற்றுக்குச் சிங்களவரிடையே நிலவிய சாதிப் பிரிவினையே காரணம் என்று வரலாற்றாசிரியர் காட்டுவர். வெற்றி பெற்றவரின் தகுதியை இது குறைக்கவில்லை. எனினும், வாக்காளரின் தப்பெண்ணத்தால் விளையும் நன்மையை வேட்பாளர் வாய்மூடி ஏற்கலாமா என்னும் வினாவை இது எழுப்புகின்றது. தம் கட்சிக்காரரின் குறையினாலேயே தாம் பயன்பெறுவதை நல்ல சட்டத்தரணி ஒருவர் மன்றத்திலே விரும்பமாட்டார்.

அடுத்தது இன்னும் கடினமான வழக்கு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே யாழ்ப்பாணத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளரான அ. மகாதேவாவை ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோற்கடித்தார். அவருடைய தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. 1948இலே அவர் அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அமைச்சரவையிற் சேர்ந்து கைத்தொழில் அமைச்சரானார். மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த அவர், அதனைத் தொடர்ந்து வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தை அமைச்சராக நின்று ஆதரித்தார். செல்வநாயகமும் அவரைச் சார்ந்தோரும் பிரிந்தனர். 1949 டிசெம்பர் 18ஆம் நாள் மருதானையிலே, அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்திலே, இலங்கைத் தமிழரசுக் கட்சி தோற்றுவிக்கப்பட்டது. புதுக்கடைக்கும் மருதானைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஒரே கட்சியிலிருந்த இரு பெரும் அப்புக்காத்துமாரின் பிணக்கு, மன்றத்துக்கு அண்மையிலேயே, மன்றத்துக்கு வெளியே தீர்ப்பை நாடியது.

பொன்னம்பலத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. எதிர்த்து நின்று ஒன்றும் பெறாமலிருப்பதிலும், ஒத்துழைத்துச் சிலவற்றைப் பெறுவது மேல் என்று அவர் கருதினார். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை முதலியவற்றை அவரது ஆதரவாளர் சான்றாகக் காட்டினர். வெல்ல முடியாத வழக்கைச் சமரசமாக முடித்துவைப்பது திறமையான சட்டத்தரணியின் கடமை என்பதும் உண்மையே. ஆனால் மன்றத்திலே சமரசத்துக்குத் தவிர்க்க முடியாத நிபந்தனை ஒன்றுண்டு. கட்சிக்காரரின் சம்மதமின்றிச் சட்டத்தரணி வழக்கைச் சமரசம் செய்தல் ஆகாது. சமரசம் நல்லதா தீயதா என்பதன்று இங்கு வினா. அதனைச் செய்ய அதிகாரம் தந்தவர் யார் என்பதே வினா. வாக்காளரிடம் திரும்பிச் சென்று கேட்டல் ஒன்றே அதற்கு விடையாகும். 1952இல் அது கேட்கப்பட்டபோது செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார், 1956இலே வென்றார். மக்களின் தீர்ப்பும் காலத்தோடு மாறுவது என்பதை இதனால் அறிகின்றோம். அதற்காகத் தீர்ப்பைக் கேளாமல் விடுதல் முறையாகாது.

இதுவரை கூறியது எதிர்க்கட்சியோடு செய்யும் போட்டியும் அதன் பின்விளைவும் பற்றியது. தன் சொந்தக் கட்சிக்குள்ளே செய்யும் போட்டி இதனினும் நுண்ணிய சோதனையாகும். ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே முதனிலைத் தேர்தலொன்றின் மூலம் வாக்காளர் தீர்மானிப்பர். நம் நாட்டிலே கட்சித் தலைமையே வேட்பாளரைத் தெரிகின்றது. எனினும் விகிதாசார முறையும், 1989ஆம் ஆண்டு முதலாகப் பொதுத் தேர்தல்களிலே விருப்பு வாக்கும் வந்தபின், அத்தகைய போட்டி தேர்தலின் உள்ளேயே புகுந்துவிட்டது. ஒரே பட்டியலில் நிற்போர், ஒரே கொள்கையைக் கூறிக்கொண்டு, ஒருவரையொருவர் முந்த வேண்டியவராயினர்.

கொள்கை பொதுவாகிவிட்டால் பேசுவதற்கு எஞ்சுவது யாது? தன்னை உயர்த்துதல், அல்லது தோழனைத் தாழ்த்துதல். குறுக்கு விசாரணையிலே பயின்ற நாவுக்கு இரண்டாவது வழி எளிது. சாட்சியின் நம்பகத்தன்மையை அசைப்பது மன்றத்திலே முறையான செயல். அங்கே மீள்விசாரணை உண்டு, நீதிபதியின் தடையும் உண்டு. வீடு வீடாகச் சென்று தாழ்ந்த குரலிற் சொல்லப்படும் ஐயத்துக்கு மீள்விசாரணை ஏது? அன்றியும், தோழன் என்ற நம்பிக்கையிலே அறிந்த செய்தி, கட்சிக்காரர் அந்தரங்கமாகச் சொன்ன செய்தியைப் போன்றது. அதனை வெளியிடாமை மன்றத்திலே கடமையெனின், மேடையிலே அது கடமையாகாதிருப்பது எங்ஙனம்?

2013ஆம் ஆண்டு வடமாகாண சபைத் தேர்தலை நோக்குக. முதலமைச்சர் வேட்பாளராக மாவை சேனாதிராசாவின் பெயரும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினுள்ளே பேசப்பட்டது. முடிவிலே, உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து இளைப்பாறிய சீ. வி. விக்னேஸ்வரன் தெரிவானார். 1,32,255 விருப்பு வாக்குகள் அவருக்குக் கிடைத்தன. கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்றது. நான்கு ஆண்டுகள் கழியுமுன், 2017 ஜூனிலே, அவர் தரப்பு உறுப்பினரே அவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. 2018இலே அவர் தனிக் கட்சி தொடங்கினார். அழைத்துவந்த கட்சிக்கு அவர் கடமைப்பட்டவர் என்றனர் ஒருசாரார். வாக்களித்த மக்களுக்கே கடமைப்பட்டவர் என்றனர் மறுசாரார். ‘கட்சிக்காரர்’ என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே நேருக்கு நேர் மோதின. இவ்வினாவை வேட்பாளர் நியமனத்தின்போதே வெளிப்படையாகக் கேட்டு விடை பெற்றிருந்தால், பின்வந்த கசப்பின் ஒரு பகுதியேனும் குறைந்திருக்கும் என்பது எம் கருத்து.

உட்போட்டியிலே உயர்ந்த நடத்தைக்கு ஓர் எடுத்துக்காட்டை அமெரிக்க வரலாற்றிலிருந்து தரலாம். 1855ஆம் ஆண்டு, இலினோய் மாநிலச் சட்டசபை ஒரு செனற்றரைத் தெரிவுசெய்யக் கூடியது. முதற் சுற்றிலே முன்னணியில் நின்றவர் சட்டத்தரணி ஆபிரகாம் லிங்கன். அடிமை முறை பரவுவதை அவரைப் போலவே எதிர்த்த லைமன் திரம்புல்லுக்குக் கிடைத்தவை ஐந்தே வாக்குகள். ஆனால் அவ்வைவரும் லிங்கனுக்கு மாறவில்லை. எதிர்த்தரப்பு வெல்லும் நிலை தோன்றியது. லிங்கன் தம் ஆதரவாளரைத் திரம்புல்லுக்கு வாக்களிக்கச் செய்து தாம் விலகினார். வழக்கு வெல்ல வேண்டும் என்பதற்காக, அதனை வேறொரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்த செயல் இது. வழக்கு கட்சிக்காரருடையது, தம்முடையதன்று என்பதை அவர் மறக்கவில்லை.

சட்டத்தரணிகள் அரசியலை விட்டு விலகவேண்டும் என்பது இதனாற் பெறப்படும் முடிபன்று. ஆசிரியரும் வணிகரும் வேட்பாளரானால் இக்குறைகள் தாமே மறைந்துவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. சட்டத்தரணியின் தொழிலிலே இரண்டு கூறுகள் உள. ஒன்று, எப்பக்கத்தையும் வாதாடும் உரிமை. மற்றது, அவ்வுரிமையைச் சூழ்ந்து நிற்கும் கட்டுப்பாடு: மன்றத்தைத் தவறான வழியிற் செலுத்தாமை, சம்மதமின்றிச் சமரசம் செய்யாமை, அந்தரங்கம் காத்தல், கட்சிக்காரரின் நலனைத் தன்னலத்துக்கு மேலாக வைத்தல். மேடையேறுவோர் பலர் உரிமையைத் தம்முடன் எடுத்துவந்து, கட்டுப்பாட்டைப் புதுக்கடையிலே விட்டுவருகின்றனர். மறுதலையாகச் செய்தலே முறை. அவ்வாறு செய்யும் வேட்பாளர் சில வாக்குகளை இழக்கக்கூடும். தேர்தலையே இழக்கவும் கூடும். அவ்விழப்பை ஏற்க ஆயத்தமானவரையே மக்கள் தம் வழக்கை நம்பி ஒப்படைக்கலாம்.